மின்னணு மருத்துவப் பதிவுகளும் மருந்தாய்வுக்கு நோயாளர் தேர்வும்

புதிய மருந்தொன்றின் குணத்தையும் தோஷத்தையும் மனிதரிடத்தே சோதித்தறியும் மருந்தாய்வுகளுக்கு ஏற்ற நோயாளரை, ஆஸ்பத்திரிக் கணினிகளில் நாள்தோறும் சேர்ந்துவரும் சிகிச்சைப் பதிவுகளின் துணைகொண்டு கண்டெடுக்கும் முறை இது. வைத்தியரின் ஞாபகத்தை நம்பியும், காகிதக் கோப்புகளைப் புரட்டியும், பத்திரிகையில் விளம்பரம் செய்தும் ஆள் தேடிய நாட்களில், போதிய பேர் சேராமையால் காலம் நீண்டனவும் நடுவிலேயே நின்றனவுமான ஆய்வுகள் அநேகம்.

வயது, நோய், ரத்தச் சர்க்கரையின் அளவு முதலிய சேர்க்கை நிபந்தனைகளும், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு போன்ற விலக்கு நிபந்தனைகளும் கணினிக்குரிய வினாவாக மாற்றப்பட்டு, நோய்க் குறியீடு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு ஒப்பிடப்படும். இதுவரை காரியம் எளிது. இடர்ப்பாடெல்லாம் வைத்தியர் தம் போக்கில் எழுதிவைத்த குறிப்புகளில்தான். ‘மார்வலி இல்லை’ என்று அவர் எழுதியிருக்க, ‘மார்வலி’ என்பதை மட்டும் பற்றிக்கொண்டு இல்லாத நோயை உண்டென்று சாதிக்கும் பேதைமை கணினிக்கு இருந்தமையால், மறுப்புச் சொற்களை இனங்காணவே தனி நிரல்கள் வகுக்க வேண்டியதாயிற்று. அன்றியும், அமெரிக்காவில் நோய்க் குறியீடுகள் காப்பீட்டுத் தொகை பெறும் பொருட்டும் இடப்படுபவை; ஆராய்ச்சியாளர் அவற்றைச் சற்றுச் சந்தேகத்தோடு வாசிப்பதே விவேகம்.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் கிளினிக்கில் பீட்டர் எம்பியும் அவருடைய சகாக்களும் நடத்தி 2005-இல் வெளியிட்ட சோதனை. இரண்டாம் வகை நீரிழிவு பற்றிய மருந்தாய்வொன்றுக்குப் பொருந்தக்கூடியவரின் பதிவை வைத்தியர் திறந்த மாத்திரத்தில், அந்நோயாளர் எதிரே அமர்ந்திருக்கும்போதே, திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுமாறு அவர்கள் செய்தனர். முன்பு ஐந்து வைத்தியர் மட்டுமே ஆளனுப்பிய ஆய்வுக்கு, நான்கு மாத காலத்தில் 42 பேர் அனுப்பினர். அனுப்பப்பட்டோர் தொகை மாதத்துக்கு 5.7-இலிருந்து 59.5 ஆக உயர்ந்தது. ஆனால், ஆய்வில் உண்மையில் சேர்ந்தவரோ மாதத்துக்கு 2.9-இலிருந்து 6.0 ஆகவே உயர்ந்தனர். வாசல்வரை வந்தவர் பதின்மடங்கு, உள்ளே புகுந்தவர் இருமடங்கு என்னும் இந்த வித்தியாசத்தில்தான் இம்முறையின் சக்தியும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்குகின்றன என்பது எம் அபிப்பிராயம்.

நோயாளர் சிகிச்சைக்கென நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை ஆராய்ச்சிக்குத் திறப்பது தர்மமா என்ற கேள்வி இதனுடன் பிறந்தது. பாஸ்டன் நகரில் 2004-இல் தொடங்கப்பெற்ற ஐ2பி2 என்னும் திட்டம் அதற்கு ஓர் உபாயம் கண்டது: நிபந்தனைக்குப் பொருந்துவோர் எத்தனை பேர் என்று முதலில் கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு அது பெயர்களைத் தராமல் எண்ணிக்கையை மட்டுமே தரும், அதையும், தனியொருவரை ஊகித்தறிய இயலாதபடி, சிறிது கூட்டியோ குறைத்தோதான் தரும்.