நாரத்தை சென்ற வழியும் கேக் வந்த வழியும்

மாலைத் தேநீரோடு உண்ணும் ஆரஞ்சு கேக்கை ‘வெள்ளைக்காரன் பண்டம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் நம்மில் பலர். போடிநாயக்கனூரையும் அதன் தலைமேல் எழும் ஏலமலைச் சரிவையும் முன்வைத்து ஆராய்ந்தால், அத்தீர்ப்பில் பாதியே உண்மை என்பது புலனாகும்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடலாம். 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பார் அங்குத் தேயிலை நட்டார். பிற்பாடு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. போடிக்கு இரயில் வந்ததோ 1928-இல்தான். துரைமார் பங்களாக்களில் நான்கு மணித் தேநீரும் கேக்கும் நாள்முறையாயின. தேயிலை நட்டவரின் பெயர் ஏட்டில் நின்றது. அடுப்படியில் வெந்து அந்தக் கேக்கைச் சுட்ட சமையற்காரரின் பெயர் நிற்கவில்லை.

மற்றப் பாதி பழத்தைப் பற்றியது. ‘ஆரஞ்சு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், ஸ்பானிய ‘நரஞ்ஜா’, அரபியின் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தின் ‘நாரங்க்’, வடமொழியின் ‘நாரங்கம்’ ஆகியவற்றைக் கடந்து, நம் நாரத்தையின் வாசலில் வந்து நிற்கிறோம். அச்சொல் திராவிட மூலத்தது என்று மொழியறிஞர் பலர் கருதுவர். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ, ஹிஜ்ரி 300-க்குப் பின் இம்மரம் இந்தியாவிலிருந்து ஓமானுக்கும், பின்னர் பஸராவுக்கும் ஷாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டதை எழுதியுள்ளார். பிறந்த மண்ணும் நீரும் இல்லாமையால் பழைய மணத்தை அது இழந்ததென்றும் அவர் குறிக்கிறார். ஸிஸிலிக்கும் ஸ்பெயினுக்கும் கசப்பு நாரத்தையைக் கொண்டுசென்றவர் அரபியரே. இனிப்புப் பழத்தை ஐரோப்பாவில் பரப்பியதில் போர்த்துக்கீசியர்க்குப் பங்குண்டு. ஆகவேதான் அரபியில் இன்று அதன் பெயர் ‘புர்துகால்’!

இங்கே ஒரு எச்சரிக்கை. அரபியில் ‘கஃக்’ என்றொரு பண்டம் இருப்பதால், ‘கேக்’ என்பதும் நம்மவரிடமிருந்தே சென்றது எனச் சிலர் மார்தட்டுவர். அது வட ஐரோப்பியரின் ‘காகா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பதே அகராதியாளர் முடிபு. ஒலி ஒத்திருப்பதால் உறவு உண்டாகிவிடாது. உள்ள பெருமையே போதுமானது. இல்லாததைக் கடன் வாங்க வேண்டுவதில்லை.

சுடும் முறைக்கு வருவோம். இரும்பு அவன் நம் வீடுகளுக்கு வருமுன்னரே, தமிழ் முஸ்லிம் பெண்டிர் தம்மடை சுட்டு வந்தனர். ரவை, முட்டை, சர்க்கரை, நெய் கலந்த சட்டியை மூடி, மூடியின் மேலும் தணலிடுவர். ‘தம்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு மூச்சு என்பது பொருள். மேலும் கீழும் ஒரே சீராக வெப்பம் சூழ்வதே கேக்கின் இரகசியமும் ஆதலால், தம்மடை சுட்ட கைக்குக் கேக் புதிதன்று.

மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை என்பது பழைய ஆங்கில அளவு. நான்கு முட்டைக்கு ஏறத்தாழ 200 கிராம் வீதம் கொள்ளலாம். மணம் சாற்றில் இல்லை. புறத்தோலின் நுண்பைகளிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. எனவே கமலாப் பழத் தோலை மெல்லத் துருவி முதலில் சர்க்கரையோடு கசக்க வேண்டும். உள்ளிருக்கும் வெண்பஞ்சு சேர்ந்தால் கசக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சிட்டிகைச் சமையல் சோடாவோடு சலித்த மாவை இட்டு, இறுதியில் இரண்டு கரண்டிச் சாறு விடுக. புளிப்பும் சோடாவும் கலந்து எழுப்பும் காற்றே கேக்கை உப்பச் செய்வது. ஆதலின் கலந்தபின் காலந் தாழ்த்தலாகாது. மணல் பரப்பிச் சூடேற்றிய கனத்த பாத்திரத்தில் வைத்து மூடினால், முக்கால் மணி அளவில் வெந்துவிடும். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது.

ஏலக்காய் சேர்ப்பதாயின் இரண்டே போதும்; மிகுந்தால் பழத்தின் மணத்தை விழுங்கிவிடும். சுட்ட அன்றே அறுக்காமல் ஓர் இரவு மூடி வைத்தால் தோலின் மணம் உள்ளெங்கும் பரவும்.