அவிநாசி என்னும் திருநாமம்

திருக்கோயில் கொண்ட பெருமானின் பெயரை மைந்தர்க்கு இட்டு வழங்குதல் தமிழகத்தில் தொன்றுதொட்டு வரும் மரபாகும். சிதம்பரம், பழனி, அண்ணாமலை என்னும் பெயர்கள் நாடெங்கும் கேட்கப்படுவன. ஆயின் சில பெயர்கள் தத்தம் நாட்டெல்லையை எளிதில் கடப்பதில்லை. கொடுமுடிப் பெருமானின் பெயர் தாங்கிய மகுடேசுவரன், சென்னிமலையாண்டவனை நினைந்து இட்ட சென்னியப்பன் என்ற பெயர்களைக் கேட்ட அளவிலேயே, அவற்றை உடையார் கொங்கு நாட்டவர் என்று துணிந்து கூறிவிடலாம். அவ்வகைப் பெயர்களுள் பொருளாழம் மிக்கது அவிநாசி என்பது. அவிநாசியப்பன், அவிநாசிலிங்கம் எனப் பலவாறு விரிந்தும், வீட்டளவில் வெறும் 'அவிநாசி' எனச் சுருங்கியும் அது வழங்கி வந்துள்ளது.

விநாசம் என்பது அழிவு. அதனை மறுக்கும் அகரம் முன்னே வர, அவிநாசி என்பது அழிவில்லாத பொருளைக் குறிக்கின்றது. உலகெங்கும் நிறைந்து நிற்கும் மெய்ப்பொருளைக் குறிக்கக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் இச்சொல்லையே ஆளுகின்றது. தமிழ்ச் சொற்களின் இடையில் தந்நகரம் வருதல் அருமையாதலின், தேவாரப் பதிப்புகளில் அவினாசி என்றும் காணப்படும். இரண்டும் ஒன்றே.

ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு இட்டனர் என்று பலரும் எண்ணுவர். அது பொருந்தாது. ஊரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். ஏழாம் திருமுறையில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய பதிகத்தில் ஊர் புக்கொளியூராகவும், அங்கு உறையும் இறைவன் அவிநாசியாகவும் நிற்றலைக் காணலாம். மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் அவிநாசியை அப்பனாக அழைத்துள்ளார். காலப்போக்கில் புக்கொளியூர் என்னும் பெயர் மறைய, இறைவன் திருநாமமே ஊருக்கும் ஆயிற்று. ஆகவே இப்பெயர் தாங்கிய மைந்தன் ஊரின் பெயரையன்று, உடையவனின் பெயரையே தாங்குகின்றான்.

இப்பெயரைப் பெற்றோர் விரும்பி இட்டதன் காரணத்தை அறியப் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தையே நாடுதல் வேண்டும். சேரமான் பெருமாளைக் காணும் வேட்கையால் மலைநாடு நோக்கிச் செல்லும் சுந்தரர், வழியில் திருப்புக்கொளியூர் மறையவர் வீதியை அடைகின்றார். ஒரு மனையில் மங்கல ஒலி. எதிர்மனையில் அழுகை ஒலி. ஐந்தாண்டு நிரம்பிய சிறுவர் இருவர் மடுவில் நீராடச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்க மற்றவன் பிழைத்து வந்ததும், பிழைத்தவனுக்கு அன்று உபநயனம் நிகழ்வதும் அவருக்குத் தெரிய வருகின்றன. மகனை இழந்த தாய்தந்தையரோ, வந்தவர் வன்றொண்டர் என்று அறிந்ததும் துயரை மறைத்து முகமலர்ந்து வணங்குகின்றனர். புராணம் முழுவதிலும் இதனினும் நெஞ்சை உருக்கும் இடம் அரிது. அடியாரைக் காணும் பேறு வாய்த்த பொழுதில் தம் இழவைச் சொல்ல அவர்கள் நாணினர். சுவாமிகள் மடுக்கரையை அடைந்து பதிகம் பாடினார். நான்காம் திருப்பாட்டு முடியுமுன்னரே, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் குறையாமல் நிரம்பப் பெற்றவனாக, முதலை அச்சிறுவனைக் கரையிற் கொண்டுவந்து உமிழ்ந்தது. அவனுக்கும் அவ்வூரிலேயே உபநயனம் நடந்தேறியது.

அச்சிறுவனின் பெயரைச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. தலவரலாறு கூறுவோர் சிலர் அவனையே அவிநாசிலிங்கம் என்பர். ஊர் வழக்கிலோ அவன் முதலைவாய்ப் பிள்ளை.

பிறந்த குழந்தைகள் தங்காத வீடுகளில், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிடும் வழக்கம் தமிழகம் எங்கும் உண்டு. கூற்றுவன் இகழ்ந்து விட்டுச் செல்லட்டும் என்பது அப்பெற்றோர் கருத்து. அவிநாசி என்னும் பெயரில் அத்தகைய ஒளிப்பு இல்லை. கொண்டுபோன உயிரைக் கூற்றுவனே திருப்பித் தரும்படி செய்தவனின் பெயரை அது வெளிப்படையாகவே சூட்டுகின்றது. முதற்பெயர்கள் அச்சத்திற் பிறந்தவை. இது நம்பிக்கையிற் பிறந்தது.

இப்பெயரைக் கொங்கு நாட்டிற்கு வெளியே அறியச் செய்தவர் திருப்பூரில் 1903-ல் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். 1930-ல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைக் கோவையில் தொடங்கினார். அதன் கட்டடத்திற்கு 1934-ல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. மணம் புரியாதே வாழ்ந்து 1991-ல் மறைந்தார். பெயர் சொல்லப் பிள்ளை இல்லாத அப்பெரியாரின் பெயர், அவர் 1957-ல் தொடங்கிய மகளிர் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தமையால், எண்ணற்ற பெண்மக்களின் பட்டச் சான்றிதழ்களில் எழுதப்பெறுகின்றது. ஆண்மகனின் பெயர் ஒன்று இவ்வாறு பெண்கல்வியின் பெயராக மாறியது வியப்பே.

பாட்டன் பெயரைத் தலைமகனுக்கு இடும் முறையால் இப்பெயர் தலைமுறைதோறும் திரும்பி வந்தது. மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள் தன் மகனைத் தம்பி என்றும் சாமி என்றும் அழைத்தாலும், பள்ளிப் பதிவேட்டில் அவன் அவிநாசியப்பனே. அம்முறை தளர்ந்த இக்காலத்தில் அவிநாசி என்றதும் கோவையிலும் திருப்பூரிலும் நீண்டு கிடக்கும் சாலைகளே பலர் நினைவிற்கு வருகின்றன. பேரர்கள் அவினாஷ் ஆகிவிட்டனர். பனியன் தொழிலை நாடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பங்களிலும் அவினாஷ், அபினாஷ் என்னும் பெயர்கள் உண்டு. எல்லாம் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஆயினும் முதலையும் மடுவும் அழுத தாயும் அவற்றில் இல்லை. அக்கதையை உடன் கொண்டுவரும் பெயர் அவிநாசி ஒன்றே. கருணாம்பிகை உடனாய பெருமானின் சன்னதியில் அருச்சனைக்குப் பேரனின் பெயரைச் சொல்ல நிற்கும் முதியோர் சிலர், ஏட்டில் உள்ளதை விடுத்து அதனையே சொல்லுகின்றனர்.