எசுப்பானியச் சொற்பிரிப்பு

எசுப்பானியச் சொற்பிரிப்பு என்பது எசுப்பானிய மொழிச் சொற்களை அசைகளாகவோ பொருள் தரும் உறுப்புகளாகவோ பகுப்பதாகும். அசைப் பிரிப்பு ஒலியையும், உருபன் பிரிப்பு பொருளையும் அடிப்படையாகக் கொண்டவை. இவ்விரண்டின் எல்லைகளும் எப்போதும் ஒரே இடத்தில் அமைவதில்லை. நீண்ட சொற்களில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அசைப் பிரிப்பு

ஒவ்வோர் அசையிலும் உயிரொலி கட்டாயம் இருக்கும். முதன்மையான விதிகள் வருமாறு:

* இரு உயிர்களுக்கு இடையில் வரும் தனி மெய் அடுத்த அசையைச் சேரும். எ.கா: கா-சா (வீடு).
* இரு மெய்கள் வந்தால் அவை பொதுவாகப் பிரியும். எ.கா: காம்-போ (வயல்).
* வெடிப்பொலியையோ 'ஃப்' ஒலியையோ அடுத்து 'ர்' வந்தால் இரண்டும் பிரியாமல் அடுத்த அசைக்குச் செல்லும். எ.கா: லீ-ப்ரோ (நூல்). தமிழில் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. இங்கு அசையின் எல்லையைக் காட்டவே அவ்வாறு எழுதப்பட்டுள்ளது.
* 'த்', 'ல்' சேர்க்கை வட்டாரத்துக்கேற்ப மாறும். 'அத்லேதா' (தடகள வீரர்) என்பது எசுப்பானியாவின் பெரும்பகுதியில் அத்-லே-தா எனவும், மெக்சிக்கோவில் அ-த்லே-தா எனவும் பிரியும்.
* அ, எ, ஒ ஆகிய திறந்த உயிர்களுள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசைகளாகும். எ.கா: தே-ஆ-த்ரோ (நாடக அரங்கு).
* இ, உ ஆகியவை அழுத்தமின்றி வேறோர் உயிருடன் வந்தால் ஒரே அசையாகும். எ.கா: பியே-த்ரா (கல்). அழுத்தம் பெற்றால் தனித்து நிற்கும். எ.கா: பா-ஈஸ் (நாடு).

உருபன் பிரிப்பு

'எலெக்த்ரோஎன்செஃபாலோக்ராஃபிஸ்தா' என்பது எசுப்பானிய எழுத்தில் 23 எழுத்துகள் கொண்ட சொல். மூளை மின்னலை வரைவியல் வல்லுநர் என்பது இதன் பொருள்.

* அசைகள் (10): எ-லெக்-த்ரோ-என்-செ-ஃபா-லோ-க்ரா-ஃபிஸ்-தா
* உறுப்புகள் (4): எலெக்த்ரோ (மின்) + என்செஃபாலோ (மூளை) + க்ராஃப் (வரைவு) + இஸ்தா (தொழில் புரிபவர்)

பொருள் நோக்கில் 'க்ராஃப்' உறுப்பின் இறுதியாக உள்ள 'ஃப்', ஒலி நோக்கில் 'ஃபிஸ்' அசையின் முதலாகிறது.

முன்னொட்டின் தாக்கம்

சில சொற்களில் உருபன் எல்லையே அசை எல்லையை முடிவு செய்கிறது. 'சுப்லீமே' (உன்னதமான) என்பது சு-ப்லீ-மே எனப் பிரியும். 'சுப்லுனார்' (நிலவுக்குக் கீழுள்ள) என்பதில் 'சுப்' (கீழ்) முன்னொட்டு என்பதால் அது சுப்-லு-னார் எனப் பிரியும்.

வரியிறுதியில் பிரித்தல்

1713 இல் நிறுவப்பட்ட எசுப்பானிய அரச கல்விக்கழகம் எழுத்து நெறிகளை வகுத்து வெளியிடுகிறது. அவற்றின்படி, வெவ்வேறு அசைகளாக இருப்பினும் அடுத்தடுத்த உயிர்களுக்கு இடையில் வரியை முறித்தல் கூடாது. ஆகவே 'தேஆத்ரோ' என்பதை 'தேஆ-த்ரோ' என மட்டுமே முறிக்கலாம். கூட்டுச்சொல் உறுப்புகளின் எல்லை இதற்கு விலக்கு. 'எலெக்த்ரோ' என்பதை அடுத்து முறிக்கலாம். 'நோசோத்ரோஸ்' (நாங்கள்) என்பதை 'நோ-சோத்ரோஸ்', 'நோஸ்-ஓத்ரோஸ்' என இருவகையிலும் முறிக்கலாம்.

கணினிப் பயன்பாடு

எசுப்பானிய எழுத்துமுறை ஒலிப்புக்கு நெருக்கமானது. ஆதலால் அசைப் பிரிப்பைப் பெரும்பாலும் சில விதிகளைக் கொண்டே நிரலாக்கம் செய்யலாம். ஆயினும் 'சுப்லுனார்' போன்றவற்றைச் சரியாகப் பிரிக்க விலக்குப் பட்டியலோ உருபன் அகராதியோ தேவை.