வலிப்பு நோயும் பிள்ளைகளின் நினைவாற்றலும்

பசுமலையில் மதரஸா மாணவன் ஒருவனின் தாயார் கேட்டார்: "ஹஜ்ரத், காலையில் மனனம் செய்ததை மாலைக்குள் மறந்துவிடுகிறான். அலட்சியமா, வலிப்பினாலா?" வலிப்பு நோயுள்ள பிள்ளை இருக்கும் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

மூளையின் நரம்பணுக்கள் மின்சைகைகளால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. அவற்றில் பல ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் இயங்கும்போது வலிப்பு வருகிறது. காதுகளை ஒட்டிய டெம்போரல் பகுதியின் உள்ளே 'ஹிப்போகேம்பஸ்' எனும் சிறு உறுப்பு உள்ளது. புதிய பாடம் முதலில் இதன் துணையால் பதிகிறது. பிறகு, குறிப்பாகத் தூக்கத்தில், மூளையின் மற்றப் பகுதிகளோடு இணைந்து உறுதிப்படுகிறது. அங்கே வலிப்பு அடிக்கடி வந்தால் இந்த இணைப்புகள் பலவீனமாகும். இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் சொற்களை மனனம் செய்வதே சிரமமாகும். இரவு வலிப்பு தூக்கத்தையும் கெடுக்கும். சில மாத்திரைகளும் மந்தத்தைத் தரலாம்.

இதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இருபக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றினர். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. நம் நாட்டில் 1952-லேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்புக்கான அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். இன்று அறுவைக்கு முன் நினைவாற்றலைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

பெற்றோர் கவனத்திற்கு:

• மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மந்தம் இருந்தால் மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது.
• ரமளானில் மருந்து நேரம் மாறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.
• பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடைவெளி விட்டுத் திரும்ப ஓத வையுங்கள். நல்ல தூக்கம் அவசியம்.
• வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதோ வாயில் எதையும் வைப்பதோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். துஆ செய்வோம், மருந்தையும் விடாமல் கொடுப்போம்.

வலிப்பு நோயுடைய ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியில் இருக்கிறது. அவர்கள் அவரை ஒதுக்கவில்லை. அவருக்காகத் துஆ செய்தார்கள். அந்தத் தாயிடமும் இதையே சொன்னேன்: மறந்ததற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள், அது அவன் குற்றமல்ல.