ஊசியும் உறுதிமொழியும்



2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நான் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த வேளையில், எங்கள் பள்ளியில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட ஏற்பாடாயிற்று. ஒன்பது திங்கள் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயதுச் சிறார் வரை அனைவருக்கும் போடவேண்டும் என்பது அரசின் திட்டம். கைப்பேசி வழியாகப் பலவகை வதந்திகள் அப்போது தமிழ்நாடெங்கும் உலவின. ஆதலால் முதல் நாள் மாலையே பெற்றோர் முப்பது நாற்பது பேர் பள்ளி வாயிலில் கூடிவிட்டனர். அவர்களுள் கொத்தனார் வேலை செய்யும் ஒருவர் முன்வந்து, "ஐயா, என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு" என்றேன்.

மறுநாள் அவருடைய மகள், எட்டாம் வகுப்பு மாணவி, ஊசி போட்டுக்கொண்ட சிறிது நேரத்தில் மயங்கி விழுந்தாள். அச்சத்தாலும், காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்ததாலும் நேர்ந்த மயக்கம் அது. செவிலியர் அவளைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தார். தெளிந்தபின் தண்ணீர் கொடுத்தார். அவளும் எழுந்து அமர்ந்துவிட்டாள். நான் செய்த பிழை அதன் பின்னர்தான். ஏனைய பிள்ளைகள் அஞ்சுவார்களே என்று எண்ணி, இதனை வெளியில் சொல்லவேண்டாம் என ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன். மாலைக்குள் ஊர் முழுதும் செய்தி பரவியது. மூவர் விழுந்தனர் என்றார் ஒருவர். ஒருத்தி பேச்சிழந்தாள் என்றார் மற்றொருவர். அடுத்த நாள் வகுப்புகளில் பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. கொத்தனாரும் வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "மயக்கம் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாப்பிட வச்சு அனுப்பியிருப்பேனே ஐயா" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு அன்று விடை சொல்ல நா எழவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, தடுப்பூசிகளின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியமே. அவ்வாறு படித்தவற்றுள் 1955-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இளம்பிள்ளை வாதத்தை நீங்கள் பாடநூலில்தான் கண்டிருப்பீர்கள். எங்கள் தலைமுறையில் வகுப்புக்கு ஒருவனாவது, காலில் இரும்புச் சட்டம் பூட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். இந்தியாவில் இந்நோயின் இயற்கைக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்; 2014 மார்ச்சில் நம் நாடு இந்நோய் நீங்கிய நாடு எனச் சான்று பெற்றது. ஆனால் 1952-இல் அமெரிக்காவில் மட்டும் 57,000-க்கும் மேற்பட்டோரை இந்நோய் பற்றியது. கோடை வந்தால் நீச்சற்குளங்களை மூடுவர். பிள்ளைகளைத் திரையரங்குக்கு அனுப்ப அஞ்சுவர்.

ஜோனாஸ் சால்க் என்ற அறிஞர் பிட்ஸ்பர்க் நகரில் இதற்கொரு தடுப்பூசி கண்டார். குரங்கின் சிறுநீரகத் திசுவில் வைரஸை வளர்த்து, பார்மலின் என்னும் மருந்தில் ஊறவைத்துக் கொன்று, அந்த இறந்த வைரஸையே ஊசி மருந்தாக்குவது அவர் முறை. 1954-இல் ஏறத்தாழ 18 இலட்சம் சிறார்கள் பங்குகொண்ட பெருஞ்சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12-ஆம் நாள், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிரான்ஸிஸ் அதன் முடிவை அறிவித்தார். தடுப்பூசி பயனளித்தது, தீங்கற்றது! ஊர்கள்தோறும் கோவில் மணிகள் ஒலித்தன. வல்லுநர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஆராய்ந்து பரிந்துரைக்க, அன்றே மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு உரிமமும் வழங்கப்பட்டது. ஒரு தேர்வுத்தாளைத் திருத்தவே எனக்கு அரைமணி ஆகும். இரண்டரை மணி நேரம் குறைவுதான். எனினும், கோடை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இரண்டு வாரங்கள் சென்றன. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் சிலர்க்கு வாதம் கண்டது என்ற செய்தி கலிபோர்னியாவிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வந்தது. இங்கே நீங்கள் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். நோய் பரவும் பருவத்தில் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போட்டால், ஊசியே இல்லாவிடினும் அந்நோய் கண்டிருக்கக்கூடிய சிலர் அவர்களுள் இருக்கத்தான் செய்வர். பின் இது ஊசியால் வந்ததா, தானே வந்ததா என்று எவ்வாறு அறிவது?

அறியத் துணைசெய்தவை மூன்று குறிப்புகள். முதலாவது, அக்குழந்தைகளுக்குப் போட்ட மருந்து அனைத்தும் பெர்க்லி நகரத்துக் கட்டர் ஆய்வுக்கூடம் என்ற ஒரே நிறுவனத்தில் செய்யப்பட்டது. அடுத்து, ஊசிக்கும் நோய்க்கும் இடைப்பட்ட நாட்கள், வைரஸ் உடலில் புகுந்து வெளிப்படும் கால அளவோடு பொருந்தின. மூன்றாவதுதான் என் நெஞ்சை உலுக்கியது. இளம்பிள்ளை வாதம் பெரும்பாலும் காலையே தாக்குவது வழக்கம். இக்குழந்தைகளுக்கோ ஊசி குத்திய கையே முதலில் முடங்கியது.

ஏப்ரல் 27-ஆம் நாள், நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான லியனார்ட் ஷீலி, அந்நிறுவனத்தைத் தன் மருந்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டார். நிறுவனமும் உடனே இசைந்தது. மறுநாளே, அட்லாண்டா நகரத்துத் தொற்றுநோய் மையத்தில், அலெக்சாண்டர் லாங்முயர் என்பவர் தலைமையில் ஒரு கண்காணிப்புப் பிரிவு ஏற்பட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஓர் அலுவலர் பொறுப்பேற்றார். எவருக்கேனும் வாதம் கண்டால், எப்போது ஊசி போடப்பட்டது, எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி மருந்து, எந்த உறுப்பு முடங்கியது என்ற விவரங்கள் அட்லாண்டாவுக்குச் செல்லும். அவற்றைத் தொகுத்த அறிக்கை முதலில் நாள்தோறும், பின்னர் வாரந்தோறும் சுகாதார அதிகாரிகளுக்குத் திரும்பி வரும். மே மாதத் தொடக்கத்தில், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டிருந்த நிலையில், மருந்து முழுவதையும் மறுபடி சோதிக்கவேண்டித் திட்டம் முழுமையும் சில வாரங்கள் நிறுத்தப்பட்டது.

நேர்ந்தது என்ன? கட்டர் நிறுவனத்தின் மருந்தில் சில தொகுதிகளில் வைரஸ் முற்றும் சாகவில்லை. பார்மலின் வைரஸைச் சிறிது சிறிதாகவே கொல்லும். இத்தனை நாளில் இவ்வளவு குறையும் என்று சால்க் வரைபடத்தில் நேர்கோடு ஒன்று வரைந்திருந்தார். பெருங்கலங்களில் மருந்தைச் செய்தபோது, திசுத் துணுக்குகள் அடியில் வண்டலாய்த் தங்க, அவற்றுள் ஒளிந்த வைரஸ்களைப் பார்மலின் எட்டவில்லை. கோடு நேராகச் செல்லாமல் வளைந்துவிட்டது. சோதனைக்காக எடுத்த மாதிரியோ சிறிது. அருகலாய்க் கிடந்த உயிருள்ள வைரஸ் அதில் அகப்படவில்லை. ஏறத்தாழ 1,20,000 குழந்தைகளுக்கு அம்மருந்து போடப்பட்டது. அவர்களிடமிருந்து வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நோய் தொற்றியது. 150-க்கும் மேற்பட்டோர் நிலையாக முடங்கினர். 10 பேர் இறந்தனர்.

இத்துயரத்தைத் தடுத்திருக்க இயலுமா? ஓரளவு இயன்றிருக்கும் என்றே எண்ணுகிறேன். பெர்னிஸ் எட்டி என்னும் பெண் அறிஞர் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1954-ஆம் ஆண்டிலேயே, அந்நிறுவனத்து மருந்தைப் போட்ட குரங்குகள் முடங்கியதைக் கண்டு, தம் மேலதிகாரிகளிடம் அறிவித்தார். அந்த எச்சரிக்கையை எவரும் செயற்படுத்தவில்லை. இது ஒரு மௌனம். இன்னொரு மௌனமும் உண்டு. மருந்து செய்வோர், சோதனையில் தேறிய தொகுதிகளின் விவரத்தை அனுப்பினால் போதும் என்பது அன்றைய விதி. தேறாமற்போன தொகுதிகள் எத்தனை என்று கேட்பாரில்லை. கட்டர் நிறுவனத்தாரும் உயிருள்ள வைரஸ் காணப்பட்ட தொகுதிகளைக் கொட்டிவிட்டனர். அதனைச் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. நூற்றுக்கு எத்தனை பேர் தோற்றனர் என்று கேளாமல், தேறியவர்களின் விடைத்தாளை மட்டும் பார்த்து ஒரு பள்ளியை மதிப்பிட்டால் எப்படியிருக்கும்?

விதிகள் மாறின. வடிகட்டும் முறை திருத்தப்பட்டது. மாதிரியின் அளவு கூடியது. தொகுதிகளைத் தொடர்ச்சியாகச் சோதித்துக் காட்டவேண்டும் என்றாயிற்று. உயிரியல் மருந்துகளைக் கண்காணிக்கும் சிறிய ஆய்வுக்கூடம், அவ்வாண்டே தனிப்பெரும் பிரிவாக உயர்ந்தது. வழக்கும் நடந்தது. 1958-இல் கலிபோர்னிய நடுவர்கள், நிறுவனம் கவனக்குறைவாக நடந்ததாகக் கூற இயலாது, ஆயினும் பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு செலுத்தவே வேண்டும் என்று தீர்ப்பளித்தனர்.

மக்கள் என்ன செய்தனர்? தயங்கினர், பின்னர்த் திரும்பி வந்தனர். 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பாடகர் நிழற்படக்காரர் சூழ ஊசி போட்டுக்கொண்டார். அதுவும் இளைஞர்களைக் கவர உதவியிருக்கலாம். ஆனால் கை முடங்கிய குழந்தையின் தாயை ஒரு பாடகரின் புன்னகை தேற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. எந்த மருந்தில் பிழை, எதில் பிழையில்லை என்று லாங்முயரின் கணக்கு பிரித்துக் காட்டியதே அவர்களைத் திரும்ப அழைத்தது என்பது என் துணிபு. அக்கணக்கு இல்லையேல் சால்க் கண்ட தடுப்பூசி முழுவதுமே பழியேற்றிருக்கும். 1957-இல் அந்நாட்டில் இந்நோய் கண்டோர் 6,000-க்கும் குறைவு.

இன்று நம் நாட்டிலும், தடுப்பூசிக்குப் பின் நேரும் தீங்குகளை அறிவிக்க முறை உண்டு. கிராமச் செவிலியர் முதல் மருத்துவக் கல்லூரி வரை அச்சங்கிலி செல்கிறது. இதில் மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய இடம் ஒன்றிருக்கிறது. அறிவிக்கப்பட்டவை யாவும் ஊசியால் விளைந்தவை எனக் கொள்ளலாகாது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் வரவில்லை என்று குறிக்கிறார். காய்ச்சலா, திருவிழாவா என்பது பிறகு விசாரித்து அறியவேண்டியது. விசாரணைக்கு முன்னரே காரணத்தை முடிவு செய்வதும் தவறு. காரணம் தெரியவில்லையே என்று பதிவையே விட்டுவிடுவதும் தவறு. வாய்வழிச் சொட்டு மருந்தே மிக அரிதாக வாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதும் இத்தகைய பதிவுகளால் தெளிவானதே. அதனால்தான் சொட்டு மருந்தோடு, இறந்த வைரஸ் கொண்ட ஊசியையும் நம் நாடு 2015 நவம்பரில் சேர்த்துக்கொண்டது.

எங்கள் பள்ளிக்குத் திரும்புவோம். பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்த அந்நாளில், செவிலியர் அம்மையார் சொன்ன யோசனைப்படி, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைத் தலைமையாசிரியர் அறை வாயிலில், எவரும் பார்க்குமாறு கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில், ஒரு மாணவி மயங்கியதையும், அதனை நான் மறைக்க முயன்றதையும் கூறினேன். ஊசிக்குப் பின் யாருக்கு என்ன நேர்ந்தாலும் அந்தக் குறிப்பேட்டில் எழுதப்படும் என்றேன். காய்ச்சல், கைவலி, ஒரு பையனுக்கு உடம்பில் தடிப்பு என்று ஒவ்வொன்றாக வரிகள் ஏறின. பெற்றோர் வந்து படித்தனர். சிலர் பிள்ளைகளை அழைத்து வந்தனர், சிலர் அழைத்து வரவில்லை.

ஒரு மாலை கொத்தனாரும் வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று கூறி, முதல் வரியிலிருந்து என்னையே படித்துக் காட்டச் சொன்னார். முதல் வரி அவர் மகளுடையது. "மயக்கம், ஐந்து நிமிடம்" என்று நான் எழுதியிருந்தேன். "கால்மணி நேரம்னு டீச்சர் சொன்னாங்களே ஐயா, அப்படியே எழுதுங்க" என்றார். அடித்துத் திருத்தி எழுதினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார்.