தாய்ப்பாலும் சிலிக்கோன் பையும்

1962-ம் வருடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றுக்கு ஒரு பெண் வந்தார். மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. அங்கிருந்த டாக்டர்கள் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும், மார்பகத்தைப் பெரிதாக்கும் புதிய சிகிச்சை ஒன்றைச் செய்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். காதைச் சரிசெய்தால் போதும் என்றார் அவர். சரி, இரண்டையும் செய்கிறோம் என்றார்கள். இப்படித்தான் உலகின் முதல் சிலிக்கோன் பை ஒரு பெண்ணின் மார்புக்குள் போனது. அதற்கு முன் அதை ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்திருந்தார்கள்!

அந்தப் பெண்ணுக்கு அப்போதே ஆறு குழந்தைகள். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் இனிமேல்தான் குழந்தை பெறப்போகும் இளம்பெண்களும் இந்தச் சிகிச்சைக்கு வந்தார்கள். பிறக்கும் குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். அது பெரிதாக எழ முப்பது வருடம் ஆனது. அப்போதும் கேட்கப்பட்டது வேறு கேள்வி.

1992 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவர் டேவிட் கெஸ்லர், பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, சிலிக்கோன் பை பொருத்துவதை நிறுத்தி வைக்கச் சொன்னார். 1994 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சிலிக்கோன் பை வைத்திருந்த தாய்மார்களின் 11 குழந்தைகளைச் சோதித்ததில், தாய்ப்பால் குடித்த 8 பேரில் 6 பேருக்கு உணவுக்குழாய் சரியாக இயங்கவில்லை என்றது அது. படித்த தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் பாலில் விஷம் கொடுத்துவிட்டோமா என்ற பயம் பரவியது. சோதிக்கப்பட்டவர்கள் எல்லோருமே ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு என்று மருத்துவரிடம் வந்த குழந்தைகள், எண்ணிக்கையும் மிகக் குறைவு என்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பயத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதே 1994-ல் தயாரிப்பு நிறுவனங்கள் 425 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பதிவு செய்துகொள்ளவே, அந்தப் பணமே போதாது என்றாகிவிட்டது. முதல் பையைச் செய்து கொடுத்த டவ் கார்னிங் நிறுவனம் 1995 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றத்தில் விவாதம் முந்திக்கொண்டது, ஆய்வுக்கூடம் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

அது வந்து சேர்ந்தது 1998-ல். டொரன்டோ ஆய்வாளர்கள் பாலிலேயே அளந்து பார்த்தார்கள். சிலிக்கோனை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதில் உள்ள சிலிக்கான் என்ற தனிமத்தை அளந்தார்கள். பை வைத்த தாய்மார்களின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 55 நானோகிராம், வைக்காதவர்களின் பாலில் 51. பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் வாங்கிய பசும்பாலில் சுமார் 709. டப்பாப் பாலில்? 4,400-க்கும் மேல்! சிலிக்கோனுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிக்கு மாறிய தாய், இந்தக் கணக்குப்படி குழந்தைக்கு எண்பது மடங்கு அதிக சிலிக்கானைக் கொடுத்திருப்பார். (அதனால் டப்பாப் பால் விஷம் என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் வாயுத் தொல்லைக்குக் கொடுக்கும் சிமெத்திக்கோன் சொட்டு மருந்தும் சிலிக்கோன் வகைதான்.) 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் எல்லா ஆதாரங்களையும் அலசி, பை வைத்த தாய்மார்கள் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே சொன்னது.

இந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போன ஆய்வு ஒன்று உண்டு. 1996-ல் வெளியானது. அது பாலில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, பால் போதுமா என்று கேட்டது. பை வைத்த 42 தாய்மார்களில் 27 பேருக்குக் குழந்தைக்குப் போதுமான பால் இல்லை. வைக்காத 42 பேரில் அப்படி இருந்தவர்கள் 3 பேர் மட்டுமே.

காரணம் பைக்குள் இருந்த பொருள் அல்ல, பெரும்பாலும் கத்தி போன வழி. பால் குழாய்கள் எல்லாம் காம்பில் வந்து சேர்கின்றன. குழந்தை சப்பும் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பும் அங்கேதான் முடிகிறது. அந்தச் செய்தி போனால்தான் பால் சுரக்கும், இறங்கும். தழும்பு தெரியக்கூடாது என்று காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கீறினால் இரண்டும் அறுபட வாய்ப்பு அதிகம். மார்பகத்தின் அடி மடிப்பில் கீறி, பையைத் தசைக்குக் கீழே வைத்தால் சேதம் குறைவு. தழும்பை எங்கே மறைப்பது என்று பேசிய அளவுக்கு இதை யாரும் அந்தப் பெண்களிடம் பேசவில்லை. ஓரளவுதான் சுரந்தாலும் அதைக் கொடுத்துக்கொண்டே, குறைவதை மட்டும் வேறு பாலால் ஈடுகட்டலாம் என்பதும் பலருக்குச் சொல்லப்படவில்லை.

2006 நவம்பரில் சிலிக்கோன் பைகளுக்கு அமெரிக்காவில் மறுபடியும் அனுமதி கிடைத்தது. அழகுக்காக வைத்துக்கொள்வதற்குக் குறைந்தபட்ச வயது 22 என்றார்கள். அந்த வயதில் அங்கே பெரும்பாலான பெண்களுக்கு முதல் குழந்தையே பிறந்திருக்காது.