கைவாங்கப்பட்ட வழக்கும் செலவுப் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

குடியியல் வழக்கொன்றைத் தொடுத்தவர் தீர்ப்புக்கு முன்னரே அதனைக் கைவாங்குவாராயின், அதுவரை எதிராளி செலவிட்ட பணத்தை யார் இறுப்பது? கைவாங்கியவரே இறுக்கவேண்டும் என்பது இன்று இயல்பான நீதியாகத் தோன்றுகின்றது. ஆயின், எமது நடவடிக்கைமுறைக்கு மூலமாயமைந்த ஆங்கிலச் சட்டத்தின் வரலாற்றை நோக்கின், அங்கு நெடுங்காலம் இவ்விதி வழங்கவில்லை என்பது புலனாகும்.

மத்தியகால இங்கிலாந்தில், வழக்கை இடையிற் கைவிட்ட வழக்காளி பொய்க் கோரிக்கை செய்தவனாகக் கருதப்பட்டு அரசனுக்குத் தண்டம் இறுத்தான். அதற்குப் பிணை நிற்போரையும் அவன் முன்கூட்டியே காட்டவேண்டியிருந்தது. (காலப்போக்கில் இப்பிணை வெறுஞ் சடங்காகி, ஜோன் டோ, ரிச்சட் ரோ என இல்லாத மனிதரின் பெயர்கள் எழுதப்படலாயின.) 1278 ஆம் ஆண்டின் குளொஸ்டர்ச் சட்டம் வென்ற வழக்காளிக்கே செலவுரிமை அளித்தது, வீணே அலைக்கழிக்கப்பட்ட எதிராளியை அது கருத்திற் கொள்ளவில்லை. வழக்கின் முறிவிலும் வருவாய் கண்டது அரசே. நீதி வழங்கல் நிலமானிய அரசின் வருவாய் வழிகளுள் ஒன்றாயிருந்தமைக்கு இது நல்ல சான்றாகும்.

எட்டாம் ஹென்றியின் 1531-32 ஆம் ஆண்டுச் சட்டம், கடன், ஒப்பந்தம், அத்துமீறல் முதலிய வழக்குகளில் வழக்காளி தோற்பினும் இடையில் தவறினும் எதிராளிக்குச் செலவு கிடைக்க வழிசெய்தது. எலிசபெத்தின் 1566 ஆம் ஆண்டுச் சட்டமும், முதலாம் ஜேம்ஸின் 1606-07 ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை விரித்தன. தண்டம் ஈடாக மாறியது. இதனை முன்னேற்றமென்றே கொள்ளவேண்டும். ஏனெனில், வசதி படைத்தவன் வழக்கிட்டு வறியவனை அலைத்துவிட்டுப் பின் விலகுவதைத் தடுக்கும் அரணும் இதுவே.

ஆனால் வறியவன் வழக்காளியாக வரும்போது நிலைமை வேறு. ஏழைகள் கட்டணமின்றி வழக்கிட 1495 ஆம் ஆண்டிலேயே சட்டம் இடமளித்திருந்தது. 1531-32 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோரைச் செலவிலிருந்து விலக்கி, நீதிபதிகள் தகுமெனக் கருதும் வேறு தண்டனைக்கு உட்படுத்தியது. வழக்குத் தவறிய ஏழை, செலவை இறுப்பதா சவுக்கடி பெறுவதா எனத் தெரிந்துகொள்ளுமாறு விடப்பட்ட வழக்கத்தைப் பிளாக்ஸ்டன் குறிப்பிடுகின்றார். அவர் அதனை எழுதிய 1768 ஆம் ஆண்டளவில் அது வழக்கொழிந்திருந்தது. சட்டத்தின்முன் சமத்துவம் பேசுவோர் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் செல்வது நன்று.

1883 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் இங்கிலாந்தில் இதனை ஒழுங்குபடுத்தின. தொடக்க நிலையில் அறிவித்தல் கொடுத்து விலகும் வழக்காளி எதிராளியின் செலவை இறுக்கவேண்டும். ஆயினும் மீண்டும் வழக்கிடும் உரிமை அவருக்கு இருந்தது. ஆறாண்டுகளின் பின் இலங்கையில் இயற்றப்பட்ட 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையோ, 1882 ஆம் ஆண்டின் இந்தியக் கோவையை ஒத்து, வேறு வழியிற் சென்றது. அதன் 406 ஆம் பிரிவின்படி, நீதிமன்றின் அனுமதியுடன் விலகுபவர் புதிதாக வழக்கிடலாம்; செலவு பற்றிய நிபந்தனையை நீதிமன்றம் விதிக்கும். அனுமதியின்றி விலகுபவரோ நீதிமன்றம் விதிக்கும் செலவுக்குப் பொறுப்பாவதுடன், அதே விடயத்தில் மீண்டும் வழக்கிடும் உரிமையையும் இழப்பார். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தைத் தொடர்ந்து வழக்கிழந்த இக்கோவை 1977 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இவ்விரு வழிகளுள் எது வறியவருக்கு இணக்கமானது? 1999 இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலக் குடியியல் விதிகளின்படி, மன்று வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி, விலகும் வழக்காளியே செலவை ஏற்கவேண்டும். சிறுகோரிக்கை வழக்குகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. பணமுடையாற் கைவிட்டேன் என்பது மட்டும் விலக்குப் பெறப் போதாதென 2011 இல் அங்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எமது கோவை செலவின் அளவை நீதிபதியின் தற்றுணிபுக்கு விடுவதனால், வறுமையை எடுத்துரைக்க இடமுண்டு. எனினும் 407 ஆம் பிரிவு காலவரையறையைத் தளர்த்தவில்லை: அனுமதி பெற்று மீண்டும் வழக்கிடுபவருக்கும், முதல் வழக்கே தொடுக்கப்படாததுபோற் காலம் கணிக்கப்படும். செலவுக்குப் பணம் தேடும் நாட்களும் அக்கணக்கில் அடங்கும்.